திருப்பிக் கொடுத்த நீலக் கோட்டு

"எம் புள்ளைய வேலைய விட்டுத் தூக்கினது யாரு? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்."

சலவை நிலையத்தின் வாசலில் நின்று அம்மா போட்ட சத்தத்தில், உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். மூலை மேஜையில் ஒருவன் மட்டும் நிறுத்தவில்லை. அவன்தான் அந்தப் பிள்ளை.

முப்பத்து நாலு வயசு. பேச்சு நிதானமாகத்தான் வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் அவன் மடித்து வைத்த படுக்கை விரிப்பைப் பிரிக்க யாருக்கும் மனசு வராது. அதனால் அங்கே அவனுக்கு மடிப்பு மன்னன் என்று பெயர்.

மேனேஜரம்மா எழுந்து வந்தார். "உள்ள வாங்கம்மா. உக்காந்து பேசலாம்."

"நான் உக்கார வரல. இங்க வேலைக்குப் போடக் குடுத்த நீலக் கோட்டு ரெண்டையும் வீட்டுல காணோம். கேட்டா, துவைச்சுத் தேச்சுத் திருப்பிக் குடுத்துட்டேங்கறான். அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்கறான். வேலைய விட்டுப் போறவங்கதான கோட்டைத் திருப்பிக் குடுக்கணும்? எனக்கு உங்க வழக்கம் தெரியாதா?"

"ஆமாம்மா. இன்னிக்கு அவருக்குக் கடைசி நாள்."

அவ்வளவு அமைதியாகச் சொன்னதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"மூணு ஸ்கூல்ல சேத்துக்க மாட்டோம்னாங்க. சொந்தக்காரங்க, விசேஷத்துக்கு நீ மட்டும் வா, அவன் வேணாம்னாங்க. இங்கயாவது இவனை ஒரு ஆளா மதிக்கறாங்கன்னு நெனச்சேன். கடைசில நீங்களும் கைகழுவிட்டீங்க."

ஆஸ்பத்திரி மூட்டைகளை ஏற்ற வந்திருந்த வேன் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்தவர் சண்டையில் நியாயம் சொல்வதென்றால் அவருக்குச் சாப்பாடுகூட மறந்துபோகும்.

"ஏன் மேடம், இது உங்களுக்கே நல்லா இருக்கா? வளர்ச்சிக் குறைபாடு உள்ளவங்க அம்பது பேரை மாடில பாத்துக்கறோம், அதுக்குத்தான் இந்தக் கடை, லாபத்துல சல்லிக்காசு யார் வீட்டுக்கும் போகாதுன்னு போர்டு வச்சிருக்கீங்க. கீழ ஒழைக்கறவரைக் கழட்டி விட்டுட்டு மாடில யாருக்கு சேவை?"

"மூட்டைக்கு ஆஸ்பத்திரில காத்துட்டு இருப்பாங்க" என்றார் மேனேஜரம்மா.

டிரைவர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "காசு வந்தா மனசு போயிடுது" என்று எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

மேனேஜரம்மா மூலை மேஜைப் பக்கம் திரும்பினார். "மன்னரே, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"இந்த அடுக்கு இன்னும் முடியல. நீங்களே சொல்லுங்க."

"நான் அவரை அனுப்பலம்மா. அவர்தான் என்னை விட்டுட்டுப் போறார்."

அம்மா விழித்தாள்.

"கடைத்தெருவுல பெரிய ஹோட்டல் இருக்கு பாருங்க, அங்க சலவைப் பிரிவுக்கு ஆள் எடுக்கறாங்க. இவரே நேர்ல போய்க் கேட்டிருக்கார். அவங்க எனக்கு போன் பண்ணி ஆள் எப்படின்னாங்க. பொய் சொல்ல வாய் வரல. துணி மடிக்கறதுல இவரை அடிச்சுக்க ஆள் இல்லன்னு உள்ளதச் சொல்லித் தொலைச்சுட்டேன்."

"இவன்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லாம இருப்பேனா? சம்பளம் ஏத்தித் தரேன்னேன். சூப்பர்வைசர் ஆக்கறேன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னார். ரெண்டு நாள் என்னைத் தவிக்க விட்டுட்டு, வேணாம்னுட்டார். மாடில டீச்சர் சம்பளம், வேன் டீசல் எல்லாம் இங்க மடிக்கற துணிலதான் ஓடுது. இவர் போறது எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. ஆனா, எங்களை வேணாம்னு சொல்லிட்டுப் போக ஒருத்தராவது வரணும்னுதானம்மா இதையே ஆரம்பிச்சோம். இவர்தான் மொதல் ஆள்."

அவர் முகத்தில் கடுப்பும் இருந்தது, பெருமையும் இருந்தது. பெருமைதான் தூக்கல்.

அம்மா பிள்ளையிடம் போனாள். "எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா போகாதேன்னு சொல்வ."

"நான் ஏன் அப்படிச் சொல்லப் போறேன்? ஆனா புது எடம், யாரையும் தெரியாது, பஸ் மாறணும், யாராவது ஒன்னை ஏதாவது சொல்லிட்டா..."

"பாத்தியா" என்றான் அவன், விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டபடி.

அவனை யாராவது வெளியே தள்ளுவார்கள் என்று நினைக்கத் தெரிந்த அம்மாவுக்கு, அவனாகவே ஒரு நாள் கிளம்பிப் போவான் என்று நினைக்கத் தெரியவில்லை. அது நன்றாகவே உறைத்தது.

மேனேஜரம்மா குரலைத் தாழ்த்தினார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலம்மா. கோட்டு இங்கதான் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பார். சொல்லித்தான் பாருங்களேன்."

கேட்பான். அது அம்மாவுக்கும் தெரியும். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்குப் பழைய பஸ், பழைய இடம், பழைய நிம்மதி. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவன் அப்போதுதான் கையை நிறுத்தினான். அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்க மத்தியானச் சாப்பாடு அவங்களே குடுப்பாங்களா, இல்ல நான் கட்டித் தரணுமா?" என்று கேட்டாள் அம்மா.

"குடுப்பாங்க" என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது டிரைவர் வேன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, பாவம் பாத்துத் திரும்ப எடுத்துக்கறேன்னாங்களா? இல்லன்னா சொல்லுங்க, நான் வந்து ஒரு பிடி பிடிக்கறேன்."

அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"அந்தம்மா கெஞ்சித்தான் பாத்தாங்கப்பா. எம் பையன்தான் முடியாதுன்னுட்டான்."