தவளையின் வலது பக்கம்

ஒரு சின்ன வீடியோ கேமுக்குள் இருந்த குகையை ஒரு தவளையும் ஒரு வௌவாலும் காவல் காத்து வந்தன. விளையாடுபவர் இயக்கும் வீரன் செத்து ஆட்டம் மறுபடி தொடங்கும்போதெல்லாம் குகை புதிதாக மாறும் என்று விளம்பரம் சொன்னது. உண்மையில் அதே அறைகள்தான் இடம் மாறி வந்தன. தவளையும் ஒவ்வொரு முறையும் இடது பக்கமே தாவியது.

ஒரு நாள் வௌவால் பதறிக்கொண்டு பறந்து வந்தது. "திரைக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். விளையாடுகிற தர்ஷிகா கொட்டாவி விடுகிறாள். பக்கத்திலிருந்த கார் பந்தய கேமை நேற்று இப்படித்தான் அழித்தாள். இப்போது அந்தக் கார்களின் சத்தமே கேட்கவில்லை."

தவளை கேட்டது: "ஐயோ, என்ன செய்வது?"

"இந்தத் தடவை நீ வலது பக்கம் தாவு. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்காருவாள்."

"என்னை இடது பக்கம் தாவத்தானே படைத்தார்கள்? ஏதாவது தப்பாகிவிட்டால்?"

"தாவாவிட்டால் நாம் இருக்கவே மாட்டோம்!"

வீரன் உள்ளே வந்தான். தவளை வலது பக்கம் திரும்பியது. அது ஒருபோதும் மிதித்திராத தரை அங்கே இருட்டாகக் கிடந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தவளை இடது பக்கமே தாவியது.

வீரன் அசையாமல் நின்றுவிட்டான். குகையின் சுவர்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

"என்மேல் தப்பில்லையே?" என்று தவளை கேட்டது.

பதில் சொல்ல வௌவால் அங்கே இல்லை.