வேட்டை ப்ரோ

ஜெர்வினுக்கு நாக்குக் குழறியது.

அவள் இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கைப்பேசி விளையாட்டில் ஜெர்வினின் ஆள் துப்பாக்கியோடு ஒரு சுவரில் முட்டி முட்டி நின்றான்.

"மச்சான், பகல்லயே ஊத்திட்டியா?"

முகேஷ் சிரித்தான். அஸ்லமும்.

ஜெர்வின் ஏதோ சொன்னான். சொல்லாக வரவில்லை.

ஒரு வருடமாக நால்வரும் ஒரே அணி. முகம் பார்த்ததில்லை. அவள் பேசியதும் இல்லை. மைக் கெட்டுப்போச்சு என்று முதல் நாளே எழுதி அனுப்பிவிட்டாள். அவர்களுக்கு அவள் வேட்டை ப்ரோ. பொண்ணுங்களுக்கு இதெல்லாம் வராது என்பான் முகேஷ். பெரும்பாலும், அவள் அவனை ஆட்டத்தில் சாவிலிருந்து இழுத்து வந்த கையோடு.

வேலை வெட்டி இல்லாத பசங்க விளையாடுவது என்பான் அவள் கணவன். அதனால் வீட்டில் இந்த நேரத்துக்குத் தையல் வகுப்பு என்று பெயர். ஆன்லைனில்.

போன வாரம் ஜெர்வின், ஊசி போட்டுட்டு வந்துடறேன் என்றான். அதற்கும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டு ஃபிரிட்ஜிலும் இன்சுலின் இருக்கிறது. மாமியாருக்கு.

இந்தக் குழறல் அவளுக்குத் தெரியும்.

அவனுக்கு சுகர் இறங்குது என்று வேகமாக எழுதினாள். யாரும் படிக்கவில்லை. சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்வின் பக்கம் நாற்காலி சாயும் சத்தம்.

மைக்கைத் திறந்தாள்.

"ஜெர்வின். கேக்குதா? பக்கத்துல கூல்டிரிங்ஸ் இருக்கா? எடுத்துக் குடி."

துப்பாக்கிகள் நின்றன.

யாரு இது என்றான் முகேஷ். ஹாஸ்டலில் ஜெர்வின்கூட இருக்கிறவன் அஸ்லமின் ஊர்க்காரன்; அவனுக்கு உடனே போன் போடச் சொன்னாள் அஸ்லமிடம். குடி, குடி என்று ஜெர்வினிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். குரல் ஏறியது அவளுக்கே தெரியவில்லை.

ஹாலில் சீரியல் சத்தம் நின்றது.

ஜெர்வினின் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு ஒரு மூடி திருகும் ஒலி. விழுங்கும் ஒலி.

மாமியார் உள்ளே வந்து நின்றார். திரையைப் பார்த்தார். மருமகளின் முகத்தைப் பார்த்தார். யார்கிட்ட பேசற என்றார்.

யாரோ ஒரு பையன் அத்தை, சுகர் இறங்கிடுச்சு என்றாள்.

மாமியார் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் காதிலிருந்து ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டார். வெகு நேரம் கேட்டார்.

"அக்கா, யாரு நீங்க?"

ஜெர்வின்தான். சொல் தெளிவாக வந்தது.

"குடிச்சா மட்டும் பத்தாது," என்றார் மாமியார். "ஏதாச்சும் சாப்பிடச் சொல்லு."

சொன்னாள்.

வாசலில் அவள் கணவனின் வண்டி வந்து நின்றது. ஸ்டாண்ட் போடும் சத்தம்.

மாமியார் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டார்.