அடுத்த ஞாயிறு

ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்துப் பண்ணைக் கொட்டகையில், டிராக்டரின் முன்பக்க இரும்புப் பக்கெட்டைத் தூக்கும் எண்ணெய் சிலிண்டர்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் மெர்வ்.

"நாளைக்கு ஊரே வரப்போகுது. என் டிராக்டரைத் தர்றேன்னு சொன்னேனே, கேட்டியா?" என்றார் பக்கத்துப் பண்ணை காலின்.

"நோயலீன் இதுலதான்டா ஏறணும்."

முழங்கால் விட்டுப்போனதிலிருந்து மெர்வின் மனைவி நோயலீனால் பண்ணைக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏற முடியவில்லை. அங்கிருந்து கடல் தெரியும். "பக்கெட்ல உக்காரு, கூட்டிட்டுப் போறேன்" என்பார் மெர்வ். தூக்கி நிறுத்தினால் தானாகவே கீழே இறங்கும் பக்கெட் அது.

"முதல்ல எண்ணெய் ஒழுகுறதை நிறுத்துய்யா. அப்புறம் மகாராணி மாதிரி ஏறி வர்றேன்!" என்பார் நோயலீன்.

"அடுத்த ஞாயிறு."

எத்தனையோ ஞாயிறு போயிருந்தது.

"எண்ணெய் அடைக்கிற ரப்பர் சீலைத் திருப்பிப் போட்டுடாதே. போன தடவை அப்படித்தான் கெடுத்தே" என்று காலினும் பக்கத்தில் குந்தினார்.

மாட்டி முடித்து, பக்கெட்டில் தீவன மூட்டைகளை ஏற்றித் தூக்கி நிறுத்தினார்கள். விடிந்து பார்த்தபோது அது ஒரு விரற்கடைகூட இறங்கியிருக்கவில்லை.

சமையலறையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மெர்வ் பக்கெட்டைக் கழுவி, நோயலீனின் கம்பளியை விரித்தார்.

"ஆடாம ஏத்துங்கப்பா, அவளுக்கு பயம்."

சுமந்து வந்த ஆறு பேரும் சவப்பெட்டியைக் கம்பளியின் மேல் மெல்ல இறக்கி வைத்தார்கள்.

மெர்வ் நெம்புகோலை இழுத்தார். பக்கெட் உயர்ந்தது, உயர்ந்த இடத்திலேயே நின்றது. வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பினார்.

"பாத்தியா, நோயலீன்? ஒரு சொட்டு ஒழுகல."