மஞ்சள் வந்த வழி

“இன்னும் இன்னா மேடம் ரோசனை? கதவுக்கு சீலு வெச்சிட்டுப் போயினே இருங்க!”

வேம்புலி போட்ட சத்தத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தச் சின்ன குரோமியம் பிளேட்டிங் பட்டறையில் வேலையே நின்றுவிட்டது.

“தண்ணியா அது? மஞ்ச மஞ்சேன்னு கீது. எங்கூட்டுக் கெணறே நாசமாப் போச்சு. என் பொஞ்சாதி அங்கம்மாவுக்குக் கை காலெல்லாம் புண்ணு. அத்தனையும் இவன் ஊத்துன வெசம்!”

பட்டறை முதலாளி துலுக்கானத்துக்கு வியர்த்துக் கொட்டியது. “கழிவுத் தண்ணிய பின்னால குழியில உட்டது தப்புத்தான் மேடம். அதுக்காகப் பட்டறைய மூடிட்டா எம் புள்ளைங்க தெருவுலதான் நிக்கணும்...” என்றவர், வேம்புலி பக்கம் திரும்பினார். “அண்ணாத்தே, என் வாயக் கெளறாதே, ஆமா.”

“கெளறுனா இன்னா பண்ணுவே? பண்றதையும் பண்ணிட்டு வாய் வேற!”

வேம்புலிக்கு ஆத்திரம் அடங்குவேனா என்றது. அங்கம்மா வலியில் முனகுவதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன மனுஷன். இன்றைக்கு இந்தப் பட்டறையை மூட வைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று சாமி மேல் சத்தியம் பண்ணிவிட்டு வந்திருந்தார்.

நிலத்தடி நீர் ஆய்வாளர் கஸ்தூரி, கம்ப்யூட்டர் அச்சடித்த படத்தை மேசையில் விரித்தார். “இங்கேருந்து உங்க கிணறு வரைக்கும் அடியில என்ன மண்ணு, என்ன பாறைன்னு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துட்டேன். விஷம் இந்தக் குழியிலேருந்துதான் வருது. சந்தேகமே இல்லை.”

“அப்பிடிச் சொல்லு தாயி!” வேம்புலி தொடையைத் தட்டினார்.

“ஆனா நடுவுல மணற்கல்லும் களிமண்ணும் இருக்கு. தண்ணி ஊர்ந்துதான் வரும். களிமண்ணுல இருக்கிற இரும்பும் இந்த மஞ்சள் குரோமிய விஷத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். அந்த இரும்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் மஞ்சள் தாண்டி வரும். அதுக்குப் பதினாலு வருஷத்துக்கு மேல ஆகும். இப்போ நடக்கிறது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி நாலு. உங்க கிணத்துல இருக்கிறது எண்பதாம் வருஷத்துக்கு முன்னாடி ஊத்துனது.”

துலுக்கானம் சட்டென்று நிமிர்ந்தார். “நான் இங்க வந்தே நாலு வருசம்தான மேடம் ஆவுது!”

“அப்போ இது உங்களுது இல்லை. உங்களுது இன்னும் வந்துக்கிட்டு இருக்கு. எண்பதுக்கு முன்னாடி இங்கே ஊத்துனது யாரு?”

துலுக்கானம் வேம்புலியைத் திரும்பிப் பார்த்தார். வேம்புலி தலையில் கைவைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இருவது வருசம் நடத்திட்டு இந்தப் பட்டறைய இவனுக்கு வித்ததே நான்தாம்மா.”