கடலைமிட்டாயும் கம்பியும்

“கடலைமிட்டாய் தின்னியா?” கும்மிடிப்பூண்டி பல் ஆஸ்பத்திரியில் மோனிகா அதட்டினாள்.

“இல்ல. கம்பி தானா பிச்சிக்கினு வந்துச்சி.”

“பொய் சொல்லாத.”

டாக்டர் சிரித்தார். “இப்படித் தின்னா தெத்துப்பல் வரிசைக்கு வர இன்னும் ஆறு மாசம் ஆகும்.”

“வைகாசியில கல்யாணம் டாக்டர். அதுக்குள்ள சரியாகணும்,” என்றாள் மோனிகா.

“எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம் ஆச்சி. பொண்ணு நீதான? உன் பல்லைத்தான் பாப்பாங்க,” என்றாள் சிகிச்சை நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மா கன்னியம்மா.

“உன் கல்யாண ஆல்பத்துல ஒரு போட்டோலகூட நீ சிரிக்கலியே. என்னோடதுல சிரிக்கணும்.”

பழக்கத்தில் முந்தானையால் வாயை மூடப்போன கன்னியம்மா, அதன் முடிச்சை அவிழ்த்து, மிச்சமிருந்த கடலைமிட்டாயை மகளிடம் கொடுத்தாள்.