அடிபிடித்த வாசம்

மார்கழி விடியலில் தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. தண்ணீர் தெளித்த கரிசல் வாசலில் ஆறுமுகத்தாய் குனிந்து கோலம் போடுகிறாள். புள்ளி வைக்க வேண்டிய நட்டநடுவில் செவலை நாய் சுருண்டு கிடக்கிறது. வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டி நிமோனியாவில் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு அங்கே படுத்தது. அவர் திரும்பி வந்த பிறகும் இடத்தை விடவில்லை. விரட்ட மனமில்லாமல் நாயைச் சுற்றியே இழையை வளைத்து இழுக்கிறாள். எதிர்வீட்டு இசக்கிச்செல்வி வாளியோடு நின்று சிரிக்கிறாள். “என்னக்கா, நாய்க்கா கோலம் போடுதீங்க?” “காவல் கெடந்த பிள்ளைல்லா, கெடந்துட்டுப் போகட்டும்.” கோயில் ஒலிபெருக்கி கரகரக்கிறது. பஜனைக்காரர்களுக்கு இன்று பொங்கல் கொடுப்பது இவள் வீட்டு முறை. ‘நோயாளி இருக்கிற வீடு, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்’ என்று அவர்கள் சொல்லியும் இவள்தான் கேட்கவில்லை. சிம்மில் வைத்துவிட்டு வந்த பானையில் அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்துகொண்டிருக்கின்றன. காய்ச்சலில் விழுந்ததிலிருந்து அவருக்கு வாசனையும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. எதை வைத்தாலும் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். கோலத்தின் கடைசி இழை முடியப்போகும்போது உள்ளறையிலிருந்து இருமல் வருகிறது. இருமலுக்குப் பின்னாலேயே குரல். “ஏட்டி, பொங்கல் அடிபிடிக்குது! ஒனக்கு என்ன, மூக்கு அடைச்சிருக்கா?” செவலை காதை விடைத்து எழுந்து, கோலத்தை மிதித்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. ஆறுமுகத்தாய் ஓடிப்போய் அடுப்பை அணைக்க வேண்டும். மாவுக்கையோடு அப்படியே நிற்கிறாள், இன்னொரு தரம் அவர் கத்தட்டும் என்று.