தம்ளரில் ஒரு பூச்சி

மதிய வெயில் தறிக்குழிவரை இறங்கியிருக்கிறது. காந்தா சின்னத் தூண்டில் முள்ளில் பட்டிழை சுற்றி, மீனை ஏமாற்றும் போலித் தண்ணீர்ப்பூச்சி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஊட்டியில் ட்ரவுட் மீன் பிடிப்பவர்களுக்குப் போகவேண்டிய முதல் மாதிரி. உதிர்ந்த மயிலிறகின் ஒற்றை இழை உடலாகிறது, ஜரிகை வயிற்று வரிகளாகிறது. பட்டிழை சட்டென்று அறுகிறது. முடிச்சுப் போட்டால் புடைத்துவிடும். சுற்றுகளை இடக்கை நகத்தால் அழுத்திக்கொண்டு, வலக்கை விரல்களில் சாம்பல் தொட்டு, தறியில் பாவு நூலைப் பிணைப்பதுபோல இரு நுனிகளையும் முறுக்கி ஒன்றாக்குகிறாள். சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டி முடித்த பூச்சியைத் தம்ளர் தண்ணீரில் விடுகிறாள். பட்டுக் கால்களை விரித்து அது மெல்ல இறங்குகிறது. தறியிலிருந்து தாகத்தோடு எழுந்துவந்த கணவர் தணிகாசலம் தம்ளரைத் தூக்குகிறார், உள்ளே பார்க்கிறார், வாசலுக்கு நடக்கிறார். “எங்க எடுத்துக்கினு போறீங்க?” “பூச்சி நீந்திக்கினு இருக்குதும்மா, கொட்டிட்டு வரேன்.” காந்தா கையை நீட்டுகிறாள். “இப்டி குடுங்க. அது ஊட்டிக்குப் போவலாம்.”